ஒரேதடவை கைவைத்த வண்டி

அவருக்கு அந்தப் பெயரை வைத்தது ஊர் அல்ல, அவரேதான். "என் கை பட்ட வண்டி அதே கோளாறுக்குத் திரும்பி வராது. ஒரே தடவைதான்!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மார்தட்டிச் சொல்லிச் சொல்லி, கடைசியில் எல்லோரும் அவரை ஒரேதடவை என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஆரம்பத்தில் கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் கிண்டலையும் பட்டமாக வாங்கி மாட்டிக்கொள்கிற ஆள் அவர். ஒர்க்‌ஷாப் பெயர்ப்பலகை எழுத வந்த பெயின்டரிடம் அதையும் கொட்டை எழுத்தில் சேர்க்கச் சொன்னார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாய்தான் நீளமே தவிர வேலையில் கெட்டிக்காரர். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஓடுகிற இஞ்சின் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அந்த நேரம் யாராவது தும்மினால்கூட முறைப்பார். மேட்டுச் சாலை திரும்புகிற இடத்தில் அவருடைய தகரக் கொட்டகை இருந்தது. குளிரான ஊர். காலையில் ஸ்பானரை எடுத்தால் விரல் விறைத்துப் போகும். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிற வண்டிகளெல்லாம் அவர் வாசலில் வந்துதான் நிற்கும். இடம் பிடித்ததில்தான் பாதிக் கெட்டிக்காரத்தனம் என்பார் பக்கத்துக் கடை பார்ட்ஸ்காரர். ஒரேதடவையின் காதில் விழுகிற மாதிரி சொல்லமாட்டார்.

ஒர்க்‌ஷாப்புக்கு வேண்டிய துடைக்கிற துணிக்கு அவர் மனைவிதான் பொறுப்பு. வீட்டில் நைந்துபோன எதையும் அந்த அம்மாள் தூக்கிப் போடமாட்டாள். போர்வை, சட்டை, நைட்டி, தலையணை உறை என்று எல்லாவற்றையும் ஒரே அளவாகக் கிழித்து மூட்டை கட்டிக் கொடுத்துவிடுவாள். அந்தக் குடும்பத்தின் வரலாறு முழுக்க எண்ணெய்க் கறையோடு கொட்டகையில் கிடக்கும். தண்ணீர் போகிற ரப்பர் ஹோஸ் ஒன்றைக் கழற்றினால், ஒழுகுகிற வாயில் இதில் ஒரு துண்டை முறுக்கிச் செருகிவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பது ஒரேதடவையின் பழக்கம். செருகியதை அவர் மறந்ததில்லை, அல்லது மறந்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மச்சினனுக்கு வேறு பழக்கம். மனைவியின் ஒரே தம்பி அவன், முப்பதை நெருங்கியவன். எங்கெங்கோ மெஷின் கொட்டகைகளில் வேலை பார்த்துவிட்டு, அக்கா வீட்டுப் பக்கமே இருக்கலாம் என்று வந்து அத்தானோடு சேர்ந்தவன். வந்த கையோடு ஒரு உடைந்த நாற்காலிக் காலை எடுத்து, ஒருமுனை கூராக, ஒருமுனை தடியாக, ஹோஸ் வாய்க்குப் பொருந்துகிற மாதிரி சின்னச் சின்னக் கட்டைகளாகச் செதுக்கினான். எல்லாவற்றுக்கும் சிவப்புப் பெயின்ட் அடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தான்.

"எதுக்கு மாப்ளே இது?"

"துணி உள்ள போயிடும் அத்தான். இது போகாது. செவப்பா இருக்கிறதால கண்ணுல பட்டுட்டே இருக்கும்."

"நீ மெக்கானிக் வேலைக்கு வந்தியா, பொம்மைக் கடை போட வந்தியா?"

இந்தப் பொம்மைக் கடையை அவர் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பார் என்று கணக்கே இல்லை. மச்சினனும் கூடவே சிரிப்பான். ஆனால் கட்டையை விடமாட்டான். ஒரே கொட்டகையில் அத்தானுக்குத் துணி, மச்சினனுக்குக் கட்டை என்று பழகிப்போயிற்று.

இப்படி இருக்கும்போதுதான் டீச்சருடைய சாம்பல் நிற வண்டி வந்தது. பழைய கார். மேட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிற டீச்சர், தினமும் காலையில் தன் வயதான அப்பாவைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவார். அப்பாவுக்கு நெஞ்சு இழுப்பு. குளிர்காற்று பட்டால் அன்றைக்கு முழுக்க இருமித் தீர்ப்பார். அதனால் வண்டியில் ஹீட்டர் அவர்களுக்குச் சொகுசல்ல, மருந்து மாதிரி. ஹீட்டருக்குப் போகிற ஹோஸ்கள் வெடித்துத் தண்ணீர் சொட்டுகிறது என்று கொண்டுவந்திருந்தார்.

ஒரேதடவைக்கு அது ஒரு வேலையே இல்லை. டீச்சர் பக்கத்தில் நின்று பார்த்ததால் வேலையைவிடப் பேச்சு அதிகமாக நடந்தது. எந்தத் தண்ணீர் எங்கே போய் எங்கே திரும்புகிறது என்று பாடமே எடுத்தார். பாடம் எடுக்கிற டீச்சருக்கே பாடம் எடுக்கிற பெருமை முகத்தில் வழிந்தது. பேசிக்கொண்டே பழைய ஹோஸ்களைப் பிடுங்கினார், பேசிக்கொண்டே புதியதை மாட்டி முடுக்கினார். இஞ்சினை ஆற்றுகிற கூலன்ட் தண்ணீர்க் கேனோடு நின்ற மச்சினன் நடுவில் வாயைத் திறந்தான்.

"அத்தான், அந்தக் குழாய்ல..."

"பேசிட்டு இருக்கேன்ல மாப்ளே, குறுக்க வராதே. நீ தண்ணிய ஊத்து."

மச்சினன் ஊற்றினான். இஞ்சினை ஓடவிட்டு, குமிழி வருவது நிற்கிறவரை காற்றை வெளியேற்றி, மூடியைத் திருகினான். டீச்சர் சந்தோஷமாகப் போனார்.

அந்த வாரம் முடிவதற்குள் வண்டி திரும்பி வந்தது. ஏற்றத்தில் சூட்டு முள் மேலே ஏறுகிறதாம். அதே நேரத்தில் உள்ளே ஹீட்டரிலிருந்து சில்லென்று குளிர்காற்று வருகிறதாம். கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுக் கிளப்பினால் இரண்டும் சரியாகிவிடுகிறதாம். திரும்பி வந்த வண்டியைப் பார்த்ததுமே ஒரேதடவையின் முகம் சுண்டிவிட்டது. பார்ட்ஸ்காரர் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது அதைவிடப் பெரிய வேதனை.

"காத்து அடைச்சிருக்கு டீச்சர். தண்ணி ஊத்தினவன் சரியா ஊத்தல" என்று மச்சினனைப் பார்த்தார். தப்பான யூகமும் இல்லை. உள்ளே காற்று சிக்கினால் இஞ்சின் கொதிக்கும், ஹீட்டர் குளிரும், இதே கூத்துதான் நடக்கும். அவரே காற்றை வெளியேற்றிப் பார்த்தார். ஹீட்டர் சுடச்சுட ஊதியது. "பாத்தீங்களா?" என்றார்.

அடுத்த முறை வண்டி வந்தபோது கூடவே டீச்சரின் அப்பாவும் இருந்தார். மேட்டுத் திருப்பத்தில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பி, நடுரோட்டில் நின்று, யாரோ தள்ளிக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பெரியவர் பின்சீட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். டீச்சருக்குக் கண் கலங்கியிருந்தது. பார்ட்ஸ்காரர் இந்தத் தடவை கடையை விட்டே இறங்கி வந்துவிட்டார்.

"என்ன ஒரேதடவை, கணக்கு தப்புதே?" என்றார்.

அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. ஒரேதடவை மச்சினன் பக்கம் திரும்பினார்.

மச்சினன் மெதுவாகத்தான் சொன்னான். "அத்தான், அந்த ஹீட்டர் ஹோஸை ஒருவாட்டி கழட்டிப் பாத்துருவோமா?"

"நான் போட்ட ஹோஸையா? நான் போட்டதைக் கழட்டிப் பாக்கணுமா?" கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. "ஒரு கேன் தண்ணி ஒழுங்கா ஊத்தத் தெரியல, எனக்குச் சொல்லித் தர வந்துட்டான்! இஞ்சினையே வேக வெச்சிருப்பான். கையைத் தொடச்சிட்டுக் கெளம்பு. உன்னை வெச்சுக்கிட்டா எம்பேரு நாறிடும்."

டீச்சரும் சும்மா இருக்கவில்லை. "எங்கப்பாவை நடுரோட்டுல இருமவிட்டீங்களே தம்பி. கொஞ்சமாவது பொறுப்பு வேணாமா?" என்றார்.

மச்சினன் கையைத் துடைத்தான். வேலைச்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பெரியவரிடம் மட்டும், "மன்னிச்சுக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டுச் சாலையில் இறங்கி நடந்தான். அவன் போனபிறகு ஒரேதடவை அந்த பிஸ்கட் டின்னைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினார்.

வீட்டில் அன்றிலிருந்து மனைவி சோறு போடுவாள், பேசமாட்டாள். பேச்சு ஊரில்தான் நடந்தது. ஒரேதடவையின் மச்சினன் ஒரு இஞ்சினை வேகவைத்துவிட்டானாம் என்கிற கதை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஏறி, எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இறங்கியது. யாரும் அவனை வேலைக்கு எடுக்கவில்லை. கடைசியில் பெட்ரோல் பங்க் பின்னால் வண்டி கழுவுகிற இடத்தில், பூட்ஸ் நிறையத் தண்ணீரோடு நிற்க ஆரம்பித்தான்.

டீச்சரின் வண்டி மட்டும் அடங்கவில்லை. ஒரேதடவை தெர்மோஸ்டாட்டை மாற்றினார். வாட்டர் பம்ப்பை மாற்றினார். ரேடியேட்டரைக் கழற்றி அலசினார். வண்டி இரண்டு நாள் சமர்த்தாக ஓடும், மூன்றாம் நாள் கொதிக்கும். டீச்சரின் நம்பர் போனில் வந்தாலே எடுக்கத் தயங்கினார். ஒரு மதியம், பார்ட்ஸ்காரர் சாப்பிடப் போயிருந்த நேரம், இஞ்சின் சூட்டில் இருக்கும்போதே இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் கையால் தொட்டுப் பார்த்தார். ஒன்று சுட்டது. இன்னொன்று குழாய்த் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது.

தான் போட்ட ஹோஸைத் தானே கழற்றினார். ஒரு வாயில் தண்ணீர்க் குழாயை வைத்து அழுத்தித் திறந்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு விக்கல், அதன் பின்னால் கூலன்ட்டில் ஊறிய ஒரு துணித்துண்டு வழுக்கிக்கொண்டு அவர் காலடியில் விழுந்தது.

விரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மஞ்சள் பூப் போட்ட துணி. அவர் வீட்டு ஜன்னலில் வெகுகாலம் தொங்கிய திரை. அவருக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. இந்த வண்டியில் ஹீட்டரைச் சுற்றித் திரும்புகிற சூட்டுத்தண்ணீர் பட்டால்தான் தெர்மோஸ்டாட் என்கிற அடைப்பு திறக்கும். திறந்தால்தான் இஞ்சின் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறும். துணி மடங்கிக் கிடக்கும்போது வழி இருந்தது, விரிந்தபோது அடைத்தது. காற்றுமில்லை, மச்சினனுமில்லை. குழாயில் துணி வைக்கிற ஆள் அந்தக் கொட்டகையில் ஒரே ஒருவர்தான். மச்சினன்தான் கட்டைக்காரனாயிற்றே.

உடனே அவர் செய்தது என்ன தெரியுமா? நாலாபக்கமும் பார்த்தார். யாருமில்லை என்று தெரிந்ததும் துணியைப் பிழிந்து பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டார். நரை விழுந்த மனிதர், மிட்டாய் திருடிய பிள்ளை மாதிரி.

சாயங்காலம் டீச்சரிடம், "உள்ள துரு அடைச்சிருந்துச்சு, எடுத்துட்டேன்" என்றார்.

"உங்களாலதாண்ணா முடிஞ்சுது" என்றார் டீச்சர். "அந்தத் தம்பியை அன்னிக்கே அனுப்பினீங்களே, அதுதான் சரி."

ஒரேதடவைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஏற்கெனவே முடுக்கிய நட்டை மறுபடியும் முடுக்கினார். வெட்கம் அவரை உள்ளுக்குள் அரித்தது. ஆனால் வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் கேட்கிற வாய்.

குழாயில் துணியை மறந்த அதே மனுஷர் பைக்குள்ளும் அதை மறந்தார். மறுநாள் வீட்டுக்குப் போனால், கொல்லைக் கொடியில் அவருடைய பேன்ட்டுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு அந்த மஞ்சள் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி துவைத்துக் காயப்போட்டிருந்தாள். கூலன்ட்டின் பச்சைக் கறை மட்டும் போகவில்லை. அவள் கேட்கட்டும் என்று காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பார்.

இந்த லட்சணத்தில்தான் பஸ் டிப்போ ஃபோர்மேன் கொட்டகைக்கு வந்தார். நிதானமான மனிதர், ஒரேதடவையின் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கிறவர்.

"உங்க மச்சினன் எங்ககிட்ட வேலைக்குக் கேட்டிருக்கான். கைவேலையெல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா ஏதோ இஞ்சினைக் கொதிக்க விட்டுட்டான்னு பேச்சு வருது. நீங்க சொல்லுங்க, எடுக்கலாமா?"

பக்கத்தில் பார்ட்ஸ்காரர் ஒரு பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டியது ஒரேதடவைக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"பையன் நல்லவன்தான்" என்றார். "ஆனா..."

அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த ஒரு இழுப்பே போதும். ஃபோர்மேன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தால் அந்த இழுப்பு காதில் கேட்டது. அதோடு இன்னொன்றும் கேட்டது. 'அத்தான், அந்தக் குழாய்ல...' அவன் முதல் நாளே சொல்ல வந்தான். இரண்டாம் தடவையும் சொன்னான். இரண்டு தடவையும் வாயை அடைத்தவர் தான்தான் என்று நினைக்க நினைக்க, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

காலையில் வேலைச்சட்டையை எடுக்கப் போனால், அதன்மேல் மஞ்சள் துண்டு நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மனைவி அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"திரையைக் கிழிச்சுக் கொடுத்தது நான். எந்தம்பி குழாய்க்கு எதை வெப்பான்னும் எனக்குத் தெரியும்."

"ஏன் அப்பவே கேக்கல?"

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்."

அவர் நேராகப் போனது டிப்போவுக்கு. ஃபோர்மேன் அறை வாசலிலேயே நின்று, துணியைக் காட்டி, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஃபோர்மேன் துணியைத் தொடவில்லை.

"நேத்து சாயங்காலமே வேற ஆளுக்குச் சொல்லி அனுப்பிட்டேனே" என்றார். "உங்க வார்த்தையை நம்பித்தான்."

கொட்டகைக்குத் திரும்பி டீச்சரை வண்டியோடு வரச்சொன்னார். மறுபடியும் கோளாறாக்கும் என்று பதறிக்கொண்டு வந்தார் டீச்சர். ஒரேதடவை பார்ட்ஸ்காரரையும் கூப்பிட்டார். எந்த இடத்தில் நின்று மச்சினனைத் துரத்தினாரோ அந்த இடத்திலேயே நின்றுகொண்டார்.

"துருவுமில்ல, காத்துமில்ல டீச்சர். நான் வெச்ச துணி. நான் மறந்தது. பழியை அவன்மேல போட்டேன். தெரிஞ்ச பிறகும் உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

பார்ட்ஸ்காரர் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தார், ஒரேதடவையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

"நானும்ல அந்தத் தம்பியைத் திட்டினேன்" என்றார் டீச்சர். "ஏறுங்க."

இரண்டு பேரும் அந்தச் சாம்பல் நிற வண்டியிலேயே பெட்ரோல் பங்குக்குப் போனார்கள். ஏற்றம் முழுக்க ஹீட்டர் இதமாக ஊதியது. முள் நடுவிலேயே நின்றது. அந்தக் கதகதப்பில் உட்கார்ந்திருக்க அவருக்குக் கூசியது.

மச்சினன் ஒரு வேனுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். டீச்சர் முதலில் இறங்கி, "தம்பி, அன்னிக்கு நான் பேசினது தப்பு" என்றார். ஒரேதடவை துணியை நீட்டினார். அவன் ஒரு பார்வை பார்த்தான், வாங்கவில்லை. அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய் பானெட்டைத் திறந்தான். தாங்கு கம்பியை மாட்டக்கூட விடாமல் ஒரேதடவை ஓடிப்போய் பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அவன் இரண்டு ஹோஸ்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"ரெண்டும் ஒரே சூடா இருக்கு. இனி வராது டீச்சர். அப்பாவைத் தைரியமா கூட்டிட்டுப் போங்க."

சொன்னது ஒரேதடவையின் வசனம்தான். அவன் சொன்னபோது அதில் ஜம்பம் இல்லை.

"அன்னிக்குச் சொல்ல வந்தேன் அத்தான்."

"நான்தான் சொல்ல விடல" என்றார். இதோடு நிறுத்திக்கொள்ளலாம். அவன் முகத்தில் ஒரு சின்ன இளக்கம்கூடத் தெரிந்தது. ஆனால் பாதி உண்மையைச் சொல்லி மீதியை மறுபடியும் பைக்குள் திணிக்க அவரால் முடியவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு மாப்ளே. டிப்போ ஃபோர்மேன் உன்னைப் பத்திக் கேட்டாரு. எல்லாம் தெரிஞ்சும் 'ஆனா'ன்னு இழுத்தேன். இன்னிக்குப் போய்ச் சொன்னேன். வேற ஆளை எடுத்தாச்சாம்."

ஹோஸ்மேல் இருந்த அவன் கை அப்படியே நின்றது.

"அங்கிருந்து கூப்பிடுவாங்கன்னுதான் அத்தான் இங்க நின்னுட்டிருந்தேன்" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. கையை எடுத்துக்கொண்டு வேன் பக்கம் போனான், தண்ணீர்க் குழாயைத் திறந்தான். ஒரேதடவை பானெட்டைச் சத்தம் வராமல் இறக்கி மூடினார்.